நாய்களுக்கென்று வாங்கிய மீன்

“உது என்ன சத்தம்?” என்று பாலேஸ்வரி கேட்டாள்.

கைபேசியைச் சீனிப் போத்திலில் சாய்த்து வைத்துவிட்டுத் தம்பிராசா இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொக்குவிலில் பின்னேரம் ஆறரை மணி, மனைவி இருக்கும் கனடாவில் காலை ஒன்பது. நாள்தோறும் இந்த நேரத்தில்தான் இருவரும் கதைப்பார்கள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே பனியா வெயிலா, மூத்த பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டாளா, இங்கே தண்ணீர் மோட்டர் திருத்தியாயிற்றா, அவ்வளவுதான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அவள் ஏதாவது நறுக்குவாள், அவர் சாப்பிடுவார். அப்படிப் பேசாமல் இருந்தபோதுதான் அவளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. மேசைக்குக் கீழே பிறவுணி பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொறிக்கும் அதன் முழங்கால் சீமெந்து நிலத்தில் இடித்தது.

“பிறவுணி சொறியிறாள்.”

“இன்னும் மாறேல்லையோ? காட்டுங்கோ பாப்பம்.”

அவர் கைகழுவிவிட்டு வந்து கைபேசியை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். வயிற்றுப் பக்கம் மயிர் கொட்டித் தோல் சிவந்து கிடந்தது. காதுமடலின் உட்புறம் கறுத்துத் தடித்திருந்தது. அவர் திரையைத் திருப்பிப் பார்த்தபோது பாலேஸ்வரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கோ. நான் இல்லாததிலைதான் அதுகளுக்கு உந்தக் கோலம்.”

இரண்டு நாய்களும் அவளுடையவை. லாப்ரடோர் கலப்பான பிறவுணியை ஒன்பது வருடத்துக்கு முன், தான் வேலைசெய்த சங்கக் கந்தோரிலிருந்து வரும்போது ஸ்கூட்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு வந்தது குட்டன், முழங்கால் உயரம்கூட இல்லாத, சடை மயிர் நாய். மகள் கீர்த்திகாவின் இரண்டாவது பிரசவத்துக்கென்று ஆறு மாதத்துக்குப் போனவள், போய் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. விசாவில் இன்னும் காலம் இருக்கிறது. தம்பிராசாவையும் வரச்சொல்லி மகள் பலமுறை கேட்டாள். அந்தக் குளிருக்குள் தன்னால் இருக்க ஏலாது, வீட்டையும் நாய்களையும் யார் பார்ப்பது என்று அவர் சொல்லிவிட்டார். எப்போது வருகிறீர் என்று பாலேஸ்வரியிடம் அவர் நேராகக் கேட்டதில்லை. தைப்பொங்கலுக்கு முன்னர், நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னர் என்று அவளாகச் சொல்லிவந்ததும் இந்த வருடம் நின்றுவிட்டது.

மருதனார்மடத்தில் மிருக வைத்தியம் பார்க்கும் தனுஷிகா இளம்பெண். பிறவுணியை மேசையில் படுக்கவைத்துத் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். உண்ணி இல்லை, பூஞ்சணம் இல்லை. என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பைக்கற் சாப்பாடு, கோழி ருசி என்று அவர் சொன்னார். பாலேஸ்வரி இருந்தபோதும் அதுதான், போன பிறகும் அதுதான். கிண்ணத்தில் கொட்டும்போது கல்லுக் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். மணமும் அவ்வளவாக இல்லை.

“அங்கிள், உதை நிப்பாட்டிப் பாப்பம். ஒரேயொரு புரதம் குடுங்கோ, மீன் எண்டால் நல்லது. அவிச்சுக் குடுங்கோ.”

“எங்கடை வீட்டிலை மீன் அவிக்கிறேல்லை, டொக்டர்.”

அவள் நிமிர்ந்து அவருடைய திருநீற்றைப் பார்த்தாள். “அப்ப என்ன செய்யிறது?”

“பச்சையாக் குடுக்க ஏலாதோ?”

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே விளங்கியது. தனுஷிகா யோசித்தாள். கொடுக்கலாம், கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், என்றாலும் அவித்த சாப்பாட்டைத்தான் நான் முதலில் சொல்லுவேன் என்றாள். பச்சையென்றால் மீனை ஒரு கிழமையாவது நன்றாக உறையவைத்துத்தான் கொடுக்க வேண்டும், புழு பூச்சி செத்துப்போகும். கையும் கத்தியும் கிண்ணமும் சுத்தமாக இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஒரு துண்டு ஆட்டு ஈரல். பத்துப் பன்னிரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், ஒரேயடியாக மாற்றினால் வயிற்றாலே போகும்.

தம்பிராசா நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்கு வந்ததும் வரைபுத்தாள் ஒன்றை எடுத்து, முதல் இரண்டு நாளும் பத்தில் ஒரு பங்கு மீன், அடுத்த இரண்டு நாளும் பத்தில் மூன்று என்று பென்சிலால் கட்டம் போட்டு, பன்னிரண்டாம் நாளில் பைக்கற் சாப்பாட்டின் கோடு அடியைத் தொடுமாறு வரைந்தார். வரைந்து முடித்ததும் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மீனை எங்கே வாங்குவது என்பதுதான் கட்டத்துக்குள் வரவில்லை. மருதனார்மடச் சந்தையில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. தீட்சை கேட்ட குடும்பம். தகப்பன் காலத்தில் மீன் சாப்பிட்டவர்கள் வந்து போனால் கதிரையைக் கழுவுவார்கள். அவர் அந்தளவுக்கு இல்லையென்றாலும் அறுபத்தாறு வயதுவரை மீனைக் கையால் தொட்டதில்லை.

ஆகவே குருநகருக்குப் போனார். காலை ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளைச் சந்தைக்கு வெளியே விட்டு, லேஞ்சியால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு உள்ளே நடந்தார். நிலம் முழுவதும் ஈரம். பலகைகளில் குவித்திருந்த மீன்களின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. பெரியது, சின்னது, கறுப்பு, வெள்ளை என்றுதான் பார்க்கத் தெரிந்தது. எல்லாவற்றின் கண்ணும் திறந்திருந்தது. சந்தையின் தொங்கலில், கடைசித் தூண் ஓரமாக இருந்த ஒரு பெண்ணிடம் ஆட்கள் குறைவாக நின்றார்கள். அவளிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

“நாய் சாப்பிடுற மீன் இருக்கோ, தங்கச்சி?”

“நாய்க்கெண்டு கடல்லை தனி மீன் இல்லை அண்ணை,” என்று அவள் சொன்னாள். சிரிக்கவில்லை. “மனுசர் தின்னுறதைத்தான் அதுவும் தின்னும். சூடை கொண்டுபோங்கோ. முள்ளு மெல்லிசு.”

அவள் பெயர் அருமைநாயகி. கணவன் வின்சன்ற் கடலுக்குப் போகிறவர், அவள் விற்கிறவள். மீனின் செதிலைத் தட்டி, குடலை எடுத்து, தலையோடு எப்படிக் கொடுப்பது என்று ஒரு சூடையை எடுத்துக் காட்டித் தந்தாள். அவளுடைய பெருவிரல் மீனின் வயிற்றுக்குள் போய் வெளியே வர ஒரு கணம்கூட ஆகவில்லை. தம்பிராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தார், வீட்டில் அதைச் செய்ய வேண்டியவர் அவர்தானே.

உறையவைக்க வேண்டும் என்பதுதான் பெரிய தடையாக இருந்தது. முதலில் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துப் பார்த்தார். மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிட்டது. குசினியில் இருந்த பிறிஜ்ஜுக்கு முன்னால் அன்று வெகுநேரம் நின்றார். சாமியறைக்கும் அதற்கும் இடையில் ஒரு சுவர்தான். மேல்தட்டில் பாலேஸ்வரி போகும்போது வைத்துவிட்டுப்போன வேப்பம்பூ வடகம் ஒரு போத்திலில் இன்னும் இருந்தது. கடைசியில் மீனை மூன்று பையில் சுற்றி உறைபெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மிஞ்சிய மீனுக்குப் பை போதாமல், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பை ஒன்றை எடுத்தார். வானம் இடிந்து விழவில்லை. அன்றிரவுச் சோறு அன்றிரவுச் சோறு மாதிரியே இருந்தது.

ஒரு கிழமை கழித்து, கிணற்றடியில் வைத்து முதல் மீனைக் கொடுத்தார். குட்டன் அதைக் கவ்விக்கொண்டு வாழையடிக்கு ஓடி, அவர் கிட்டப் போனபோது உறுமியது. ஆறு வருடத்தில் அந்த நாய் உறுமி அவர் கேட்டதில்லை. பிறவுணி அப்படிச் செய்யவில்லை. மீனை மணந்து பார்த்தது, வாயில் எடுத்து மெல்லக் கீழே வைத்தது, பிறகு அவரைப் பார்த்தது. அது சாப்பாடுதானா என்று கேட்பதுபோல இருந்தது. அவர் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நாயின் நாக்கும் மீனின் குளிரும் ஒன்றாகக் கையில் பட்டன. மூன்றாம் நாள் பிறவுணி மஞ்சளாகச் சத்தி எடுத்தது. வரைபுத்தாளில் கோட்டை இரண்டு நாள் தள்ளி வரைந்தார். ஏழாம் நாள் முழு மீனைத் தலையிலிருந்து தொடங்கிக் கடித்தது, முள் உடையும் சத்தம் அவருக்குக் கேட்டது. ஒரு மாதத்துக்குள் பைக்கற் சாப்பாடு முற்றாக நின்றுவிட்டது. மயிர் முளைக்கத் தொடங்கிய இடம் பூனைமயிர்போல மெதுமெதுவென்று இருந்தது. தான் ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டேன் என்ற எண்ணம் அவருக்கு நெடுநாளுக்குப் பிறகு வந்தது.

பாலேஸ்வரியிடம் சாப்பாட்டை மாற்றியாயிற்று என்று மட்டும் சொன்னார். வைத்தியர் சொன்ன ஒரு சாப்பாடு என்றார். அவள் வருந்துவாள் என்று நினைத்தார். இந்த வீட்டுக்குள் வந்த நாள் தொடக்கம் குசினியை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தவள் அவள்.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை, மோட்டார் சைக்கிள் இயங்க மறுத்துவிட்டது. போர்ட்டிக்கோவில் துணி போட்டு மூடியிருந்த பாலேஸ்வரியின் ஸ்கூட்டியைத் தள்ளி எடுத்து, சக்கரத்துக்குக் காற்று அடித்து, அதில் குருநகருக்குப் போனார். முன்பக்கத்தில் ஒட்டியிருந்த சூரியகாந்திப்பூ வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. மீனை வாங்கிக்கொண்டு வந்து கூடையில் வைத்தபோது அருமைநாயகியும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். ஸ்கூட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உது பாலாக்காவின்ரை வண்டியெல்லோ?”

“பாலாக்கா ஆர்?”

“சங்கத்துக் கந்தோரிலை இருந்தவா. கொக்குவில். கனடாவுக்குப் போறன் எண்டு சொல்லிப் போனவா.” பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கள் அவாவின்ரை அவரோ?”

அவர் ஓம் என்று தலையாட்டினார். அருமைநாயகியின் முகம் மலர்ந்தது. வீடு கட்ட வந்த கடதாசிகளை எல்லாம் பாலாக்காதான் நிரப்பித் தந்தவா என்று சொன்னாள். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடிய வருவா. வந்து கதைத்துக்கொண்டிருந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவா. பதினோரு வருடம். எங்கடை பிள்ளையளுக்கு அவா வராத சனிக்கிழமை சனிக்கிழமையே இல்லை.

“என்ன சாப்பிடுறவா?” என்று தம்பிராசா கேட்டார். கேட்கும்போதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது.

அருமைநாயகி அப்போதுதான் அவருடைய நெற்றியைக் கவனித்தவள்போல நிறுத்தினாள். நிலத்தைப் பார்த்தாள். “சோறும் கறியும்தான் அண்ணை,” என்றாள். அவர் போகாமல் நின்றார். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். “பாயிலை சப்பாணி கட்டி இருந்து மீன் சாப்பிடுவா. முள்ளு ஒண்டு மிச்சம் வைக்கமாட்டா. சாப்பிட்டு முடிய தேசிக்காய் தேய்ச்சுக் கை கழுவுவா, பேந்து பெருஞ்சீரகம் வாய்க்கை போடுவா. நாயளுக்கு மீன்தலை கொண்டுபோங்கோ எண்டால் வேண்டாம் எண்டிடுவா, வீடு மணக்கும் எண்டு. நீங்கள் கோவிக்கக் கூடாது.”

“நான் ஏன் கோவிக்கிறன்,” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டியை எடுத்தார்.

கோபம் இல்லை என்பது உண்மைதான். என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கொக்குவில் ரயில்கடவை மூடியிருந்தது. அங்கே நின்றபோது சனிக்கிழமைப் பின்னேரங்கள் நினைவுக்கு வந்தன. அவள் வீட்டுக்குள் வரும்போது தேசிக்காயின் புளிப்பு மணம் வரும். அது சவர்க்காரம் என்று அவர் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப்பற்றி யோசித்ததேயில்லை. இன்னும் பின்னால் போனார். கீர்த்திகா வயிற்றில் இருந்த காலம். காலையில் சைக்கிளில் மீன்காரர் கோர்ணை அழுத்திக்கொண்டு ஒழுங்கையால் போகும்போது பாலேஸ்வரி கேற்றடியில் போய் நிற்பாள். ஆரைப் பார்க்கிறீர் என்று ஒருநாள் கேட்டார். ஒருவரையுமில்லை என்றாள். அவள் கச்சாயில் பிறந்தவள், கடல்நீரேரிக்குப் பக்கத்து வீடு, நெல்லும் மீனுமாக வளர்ந்தவள். சம்பந்தம் பேசி வந்தபோது, பெண் சைவமாக மாறிவிடுவாள் என்று அவளுடைய தகப்பன் சொன்னார். அந்த வார்த்தையை அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட ஒருத்தி, பாயில் சப்பாணி கட்டி, முள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி இருப்பாள் என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசை இந்த வயதில் இப்படி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கடவை திறந்து, பின்னால் நின்ற ஓட்டோக்காரன் கோர்ண் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அவளிடம் எதுவும் கேட்பதில்லை என்று முடிவுசெய்தார். ஆனால் பின்னேரக் கதையில் அவளை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். அவள் நறுக்கும்போது என்ன நறுக்குகிறாள் என்று எட்டிப் பார்த்தார். அவள் கைபேசியை அடுப்புப் பக்கம் திருப்பாமல் எப்போதும் யன்னல் பக்கமாகவே வைப்பதை அப்போதுதான் கண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு பின்னேரம் பிறிஜ் கதவின் ரப்பரைப்பற்றிப் பேச்சு வந்தது. மாற்றியாயிற்று என்றார். சரியாகப் பிடிக்கிறதா, காட்டுங்கோ என்றாள். அவர் யோசிக்காமல் கைபேசியைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து காட்டினார். உறைபெட்டியின் மூடி எப்போதோ உடைந்துபோனது. கண்ணாடிப் பைக்குள் மீன்கள் அடுக்கடுக்காக, வால் வெளிப்பக்கமாகக் கிடந்தன.

“அது என்ன?”

அவர் கதவைச் சாத்தினார்.

“இஞ்சேருங்கோ, திறவுங்கோ. அது மீனெல்லோ?”

“நாயளுக்கு. டொக்டர் சொன்னவா. பச்சையாக் குடுக்கிறது, சமைக்கிறேல்லை.”

“எவ்வளவு நாளா?”

“மூண்டு மாசம்.”

அவள் மிகவும் சாதாரணமான குரலில் சொன்னாள். “முப்பத்தாறு வருசமா அந்தக் குசினி எனக்கு. ஒரு கருவாட்டுத் துண்டு கொண்டுவர ஏலாமல் இருந்தது. நாயளுக்கு எண்டவுடனை ஏலுமாப் போச்சு.”

அந்தக் குரல்தான் அவரைச் சுட்டது. அவள் சத்தம் போட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பார். “நீரென்ன, சாப்பிடாமலோ இருந்தனீர்? குருநகரிலை சனிக்கிழமை சனிக்கிழமை சாப்பிட்டனீர்தானே,” என்று சொல்லிவிட்டார்.

திரையில் அவளுடைய முகம் அசையவில்லை. தொடர்பு விட்டுவிட்டதோ என்று நினைத்தார்.

“ஓம், சாப்பிட்டனான்,” என்றாள். “களவாச் சாப்பிட்டனான். களவாச் சாப்பிடுறது எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியாது. வாய் ருசி பாக்கேக்கை கண் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருக்கும். சின்னவன் எழும்பீட்டான், வைக்கிறன்.”

அடுத்த நாள் ஆறரை மணிக்கு அழைப்பு வரவில்லை. அவர் எடுத்தபோது மணி போய்க்கொண்டேயிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நாலாம் நாள் கீர்த்திகா எடுத்தாள். அம்மா சுகமாக இருக்கிறா, கதைக்கிற மாதிரி இல்லை, கொஞ்ச நாள் விடுங்கோ அப்பா என்றாள். வைப்பதற்கு முன், அவளுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாத ஒன்றைச் சொல்லுவதுபோலச் சொன்னாள்.

“இஞ்சை கிழமையிலை நாலு நாள் மீன்தான் அப்பா. அம்மாதான் சமைக்கிறா. அம்மா இவ்வளவு நல்லாச் சமைப்பா எண்டு எனக்கே தெரியாது. சமைக்கேக்கை தனக்குள்ளை கதைச்சுக் கதைச்சுச் சமைப்பா.”

“என்ன கதைக்கிறவா?”

“சும்மா. உப்புப் போட்டாச்சோ, புளி காணுமோ எண்டு. சிரிப்பா இருக்கும்.”

இந்த வீட்டுக் குசினியில் பாலேஸ்வரி பேசிக்கொண்டு சமைத்ததாக அவருக்கு நினைவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும்தான் வரும். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, எல்லாம் அளவாக, ருசியாக இருக்கும். அவரும் நல்லாயிருக்கு என்று சொல்லுவார். அது போதும் என்று இருந்தார். அவள் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு அவர் இரண்டு வருடமாகப் பல காரணங்களை வைத்திருந்தார். பேரப்பிள்ளை, மகளின் வேலை, விமானப் பயணத்தில் அவளுக்கு வரும் கால்வீக்கம். ஒன்றைக்கூட இப்போது எடுத்துப் பிடிக்க முடியவில்லை.

ஒன்பது நாள் போனது. நாய்களுக்குக் காலையும் மாலையும் மீன் கொடுத்தார். பிறவுணியின் வயிற்றில் பழைய புண்ணின் அடையாளமே இல்லை. அது சாப்பிட்டு முடிந்ததும் கிண்ணத்தை நக்கிக்கொண்டே முற்றம் முழுவதும் தள்ளிக்கொண்டு போகும். முன்பென்றால் இதை அவளுக்குக் காட்டியிருப்பார். ஒருநாள் கிணற்றடியில் மீன் வெட்டியபோது கத்தி வழுக்கி இடதுகைச் சுட்டுவிரல் வெட்டுப்பட்டது. மீனின் இரத்தம் எது, தன்னுடையது எது என்று தெரியாமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். பச்சை மீன் மணம் இப்போது அவருக்கு அருவருப்பாக இல்லை. நல்லதாகவும் இல்லை. அவளுக்கு இது எப்படி மணந்திருக்கும் என்று யோசித்தார். பசி வந்திருக்குமோ, கச்சாய் நினைவு வந்திருக்குமோ. விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

பத்தாம் நாள் காலை அவர் சந்தைக்குப் போனார். உறைபெட்டி நிறைய மீன் கிடந்தது, நாய்களுக்கு இன்னும் ஒரு கிழமைக்குக் காணும். அருமைநாயகி அவரைக் கண்டதும் சூடைப் பெட்டியை இழுத்தாள். அவர் வேண்டாம் என்று கை காட்டினார்.

“அவாவுக்கு என்ன மீன் விருப்பம்?”

அருமைநாயகி அவரைப் பார்த்தாள். சனக்கூட்டம் கூடியிருந்தது. ஒருவன் கணவாயை நிறுக்கச் சொல்லி அவசரப்படுத்தினான். அவனைப் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

“என்னத்தைப் போட்டாலும் விருப்பமாத்தான் சாப்பிட்டவா. நான் போட்டதைச் சாப்பிட்டவா அண்ணை. இது வேணும் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.” பிறகு சொன்னாள், “நீங்களே கேளுங்கோவன்.”

“எடுக்கிறா இல்லை.”

“எடுப்பா. அங்கை இப்ப பின்னேரமெல்லோ?”

“இரவு ஒன்பது மணி.”

“பிள்ளையள் படுத்திருக்குங்கள். எடுத்துப் பாருங்கோ.”

அவர் தூணோரம் ஒதுங்கி நின்று அழைத்தார். மணி போனது. ஒருமுறை நின்றது. இரண்டாம்முறை அழைத்தபோது, பலகைகளுக்கு நடுவில் கையில் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவரை ஆட்கள் விலத்திக்கொண்டு போனார்கள். எடுக்கப்போவதில்லை என்று அவர் கையை இறக்கும்போது திரையில் ஒரு வெள்ளைக் கூரை தெரிந்தது, பிறகு அவளுடைய கழுத்தும் தோளும், பிறகு முகம். கண்ணாடி போட்டிருந்தாள். தலை ஈரமாக இருந்தது.

“என்ன?” என்றாள். “ஏன் இந்த நேரம்? நாயளுக்கு ஏதும் வருத்தமோ?”

“இல்லை. நாயள் சுகம்.”

“அப்ப என்ன சத்தம் அங்கை? எங்கை நிக்கிறியள்?”

அவர் வழியில் இரண்டு மூன்று வசனங்களை யோசித்துக்கொண்டு வந்திருந்தார். நான் கேட்டிருக்க வேணும் என்பது அதில் ஒன்று. சொன்னாலும் அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது. வெட்டுப்பட்ட விரலில் இன்னும் துணி சுற்றியிருந்ததால், படத்தை மறுபக்கம் திருப்பும் அடையாளத்தை அமத்த இரண்டு முறை தவறியது. மூன்றாம்முறை திரும்பியது. அவர் கைபேசியை அருமைநாயகியின் பலகைக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோனார். ஒரு கரையிலிருந்து மறுகரைவரை, நிலப்படத்தில் எல்லை பார்ப்பதுபோல, ஒன்றையும் விடாமல். சூடை, விளை, பாரை, ஓரா, நீட்டிய சொண்டோடு முரல், ஓரத்தில் குவிந்த கணவாய். இந்த மூன்று மாதத்தில் அவருக்குப் பெயர்கள் தெரிந்திருந்தன. அருமைநாயகி செம்பை எடுத்து மீன்களின் மேல் தண்ணீர் தெளித்தாள். அவை பளபளத்தன.

அவர் பலகையின் முடிவுக்கு வந்து, போன வழியே திரும்பி வந்தார்.

“நிப்பாட்டுங்கோ,” என்று பாலேஸ்வரியின் குரல் கேட்டது. “அங்கை, அந்தக் கரையிலை கிடக்கிறது.”

“இதோ?”

“இல்லை, பக்கத்திலை. கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ.”

அவர் முழங்காலை மடித்துக் குனிந்தார். வேட்டியின் தலைப்பு ஈர நிலத்தில் பட்டது. கைபேசியை மீனுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அவளும் அங்கே கிட்ட வந்திருந்தாள். கண்ணாடியும் புருவமும் மட்டும் திரை நிறையத் தெரிந்தன. இரண்டு கண்ணாடியிலும், நகத்தளவு சின்னதாக, ஒரு மீன் பளபளத்துக்கொண்டு கிடந்தது.